தெற்கே போகிறவனுக்கு எழும்பூர்

முதலில் என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடித்து சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்த காலம். அதுவரை ஊருக்குப் போனதும் வந்ததும் பஸ்ஸில்தான். ஒரு தீபாவளிக்கு மட்டும் எப்படியோ நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்துவிட்டது. டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நேராக சென்ட்ரலுக்குப் போய் நின்றேன். பெரிய ஊர், பெரிய ஸ்டேஷன், ரயில் என்றால் அங்கேதானே என்று நினைப்பு. பலகையில் ஹவுரா இருக்கிறது, பெங்களூர் இருக்கிறது, கோயம்புத்தூர் இருக்கிறது, கோவில்பட்டி போகிற வண்டியை மட்டும் காணோம். சிவப்புச் சட்டை போர்ட்டர் ஒருவரிடம் டிக்கெட்டைக் காட்டினேன். "இது எக்மோர் வண்டிப்பா" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏன் நிற்கிறாய் என்பதுபோல் பார்த்தார். ஆட்டோ பிடித்து, பூந்தமல்லி ஹைரோடு நெரிசலில் மாட்டி, எழும்பூரில் நான் படியேறி இறங்கியபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

போனில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "தெக்க போறவன் சென்ட்ரலுக்கு எதுக்குல போன?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. போன மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்காக அப்பாவும் நானும் சென்னை வந்தபோதுதான் அதைப் பற்றி நிதானமாகப் பேச நேரம் கிடைத்தது. காலை ஆறரை வாக்கில் எழும்பூரில் இறங்கிவிட்டோம், மண்டபத்தில் அறை மதியத்துக்கு மேல்தான் என்று சொல்லிவிட்டார்கள். "எங்கயும் அலைய வேண்டாம், இங்கயே இருப்போம்" என்றார் அப்பா. சரி என்று பையைக் கட்டணம் கட்டி வைத்துவிட்டு அரை நாள் அந்த ஸ்டேஷனிலேயே சுற்றினோம். பயணக் கட்டுரை என்று பெயர் வைத்துவிட்டு ஒரே ஸ்டேஷனுக்குள் சுற்றியதை எழுதுகிறானே என்று தோன்றலாம். பரவாயில்லை.

எழும்பூரைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில்தான் பார்க்க வேண்டும். தென்மாவட்டமே வந்து இறங்கும். மலைக்கோட்டை, பாண்டியன், பொதிகை, முத்துநகர், அனந்தபுரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் உள்ளே வர, தூக்கம் கலையாத முகங்களும், அல்வாப் பெட்டிகளும், பழைய வேட்டியில் கட்டிய மூட்டைகளும், மல்லிகைப்பூக் கூடைகளுமாக நடைமேடை நிரம்பிவிடும். அந்தப் பெயர்களையே பாருங்களேன்: சோழன், பல்லவன், பாண்டியன், வைகை, சேது, உழவன், சிலம்பு. தமிழ்ப் பாடப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பிரித்து வைத்தது மாதிரி இருக்கும். சென்ட்ரலில் இவ்வளவையும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது.

ஏன் என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான்.

மெட்ராஸ் ரயில்வே என்ற கம்பெனி 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அவர்களே 1873-ல் சென்ட்ரலைத் திறந்தார்கள். அவர்கள் போட்டது அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். மேற்கேயும் வடக்கேயும் போன பாதைகள் அந்த அகலத்தில் போயின. தெற்கே கதை வேறு. நாகப்பட்டினத்தில் தொடங்கி திருச்சிக்கு 1860களின் ஆரம்பத்தில் ஒரு கம்பெனி பாதை போட்டது, அதுவும் அகலப் பாதைதான். பிறகு 1870 வாக்கில் செலவைக் குறைக்க வேண்டும் என்று இந்திய அரசு மீட்டர் கேஜ் கணக்கைக் கொண்டுவந்தது. 1874-ல் தென்னகத்து சின்னக் கம்பெனிகள் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆயிற்று. போட்டிருந்த அகலப் பாதையைப் பிடுங்கி ஒரு மீட்டருக்குக் குறுக்கினார்கள். நூற்றிருபது வருஷம் கழித்து அதையே மறுபடி பிடுங்கி அகலமாக்கினார்கள். நாகப்பட்டினம் பாதைக்கு இருக்கிற பொறுமை எனக்கெல்லாம் வராது.

அப்புறம் என்ன, ஒரே ஊரில் இரண்டு கம்பெனி, இரண்டு அகலம். அந்த வண்டி இந்தத் தண்டவாளத்தில் ஏறாது, இது அதில் ஏறாது. இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு ஸ்டேஷன் இருந்தும், வடக்கே இருந்து வருகிறவர் மதுரைக்குப் போக வேண்டுமென்றால் சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு குதிரை வண்டியோ ரிக்‌ஷாவோ பிடித்து எழும்பூர் வந்துதான் ஏற வேண்டும்.

சவுத் இந்தியன் ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. ஆனாலும் மெட்ராஸில் கௌரவமாக ஒரு ஸ்டேஷன் வேண்டாமா? 1904-ல் எழும்பூரில் டாக்டர் புல்னி ஆண்டி என்பவருக்குச் சொந்தமான நிலத்தை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். பரணி ஆண்டி என்ற பெயர்தான் ஆங்கிலத்தில் அப்படி ஆகியிருக்கிறது. கொடுக்க அவருக்கு அவ்வளவாக மனமில்லை என்றும், இப்படி இன்னொரு இடம் எங்கே கிடைக்கும் என்று தயங்கினார் என்றும் சொல்வார்கள். இன்றைய எழும்பூர் விலையை வைத்துப் பார்த்தால் மனுஷன் தயங்கியது நியாயம்தான். 1905-ல் வேலை தொடங்கி, 1908 ஜூன் 11 அன்று ஸ்டேஷனைத் திறந்தார்கள். செலவு 17 லட்சம்.

வரைபடம் ஹென்றி இர்வின். உயர் நீதிமன்றம், எழும்பூர் மியூசியத்தில் இருக்கிற விக்டோரியா நினைவு மண்டபம், மைசூர் அம்பா விலாஸ் அரண்மனை எல்லாவற்றிலும் கைவைத்த அதே இர்வின். கட்டியவர் பெங்களூர் ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை. நடுவில் குவிமாடம், ஓரங்களில் சின்னச் சின்னக் கோபுரங்கள், வளைவுகள், செங்கல் சிவப்பும் வெள்ளையும். இந்தோ சாரசனிக் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. முன்வாசலுக்கு வெளியே போய் காந்தி இர்வின் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "அரண்மனைக்குள்ள ரயில் விட்ட மாதிரி இருக்கு" என்றார். (அந்த ரோட்டில் இருக்கும் இர்வின் வைஸ்ராய் இர்வின். கட்டடத்துக்காரருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. நான் பல வருஷம் ஒரே ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.)

திறக்கும் காலத்தில் ராபர்ட் கிளைவ் பெயரை வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, ஊர்ப் பெயரே இருக்கட்டும் என்று நின்றுவிட்டார்கள். பிழைத்தோம். "கிளைவ்ல இறங்கி ஆட்டோ புடி" என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் ஒட்டவே இல்லை. எழும்பூர் 1693-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன கிராமம். ஆங்கிலேயன் வாயில் எக்மோர் ஆனது, நம் வாயிலும் பாதி நேரம் எக்மோர்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. இந்த ஸ்டேஷனிலிருந்து வெளிநாட்டுக்கு டிக்கெட் எடுக்கலாம், அதாவது ஒரு காலத்தில். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து இரண்டு மூன்று மணி நேரக் கப்பல், தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில், கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். காகிதத்தில் இந்தோ சிலோன் எக்ஸ்பிரஸ், ஜனங்களுக்குப் போட் மெயில். வழியில் மண்டபத்தில் முகாம் ஒன்று இருந்தது, தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறவர்களை அங்கே நிறுத்திவைத்துச் சோதித்த பிறகுதான் அக்கரைக்கு விடுவார்கள். முதல் வகுப்பில் போகிற துரைக்கு அது சுகமான பயணம். மூன்றாம் வகுப்பில் போனவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று எங்கள் தெருவில் கண்டிச்சீமைத் தாத்தா என்று ஒருவர் இருந்தார், அவரைக் கேட்டால் அழுதுவிடுவார், அதனால் யாரும் கேட்க மாட்டோம்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு தனுஷ்கோடி முடிந்தது. போட் மெயிலே கடலில் போய்விட்டது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன், அப்பாவும் அப்படித்தான் சொன்னார். அன்று அலையில் போனது பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் போனார்கள். போட் மெயில் என்ற பெயர் மட்டும் இன்னும் எழும்பூரில் கிளம்பும் ராமேஸ்வரம் வண்டிக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேனில் இருக்கிற மகாபோதி சங்கத்தில் இன்றைக்கும் இலங்கை யாத்திரிகர்கள் வந்து தங்குகிறார்கள், விமானத்தில் வந்து.

டீ குடிக்க உட்கார்ந்தபோது அப்பாவுக்கு மீட்டர் கேஜ் ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. பெட்டி குறுகல், எதிர் சீட்டுக்காரர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும், ராத்திரி முழுக்கத் தொட்டில் மாதிரி ஆடும், அந்த ஆட்டத்தில் வந்த தூக்கம் இப்போது ஏசியில் வருவதில்லை என்றெல்லாம். "விழுப்புரத்துல எஞ்சின் மாத்துவான். அந்தக் கேப்புல எறங்கித் தண்ணி புடிச்சிரணும். ஒங்க பெரியப்பா ஒருக்க தண்ணி புடிக்கப் போயி வண்டியவே விட்டுட்டாரு."

எஞ்சின் மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது, மீட்டர் கேஜில் இந்தியாவில் முதல். 1960களில் அந்த மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது, ஜப்பானிலிருந்து மின்சார எஞ்சின்கள் வந்தன. 25,000 வோல்ட் மாறு மின்சாரத்தில் ஓடிய மீட்டர் கேஜ் இந்தியாவில் இது ஒன்றுதான். விழுப்புரத்துக்குத் தெற்கே கம்பி கிடையாது, அதனால் அங்கே டீசலோ கரி எஞ்சினோ மாட்டியாக வேண்டும். பெரியப்பா வண்டியை விட்டதன் தொழில்நுட்பப் பின்னணி அவ்வளவுதான்.

மீட்டர் கேஜ் என்றால் மெதுவாகத்தான் போகும் என்ற பேச்சை உடைத்தது வைகை எக்ஸ்பிரஸ். 1977 ஆகஸ்ட் 15-ல் விட்டார்கள், மதுரையிலிருந்து எழும்பூருக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றே மேலே. காலையில் மதுரையில் ஏறினால் மத்தியானம் மெட்ராஸ். அந்தக் கால மதுரைக்காரர்கள் யாரிடமாவது வைகை பற்றிக் கேட்டுப் பாருங்கள், சொந்தக்காரர் மாதிரி பேசுவார்கள்.

1990களில் அகலமாக்கும் வேலை வந்தது. 2004-ல் கடற்கரை – தாம்பரம் கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் நின்றது. எல்லாம் ஒரே அகலம் ஆகிவிட்ட பிறகு தெற்கு வண்டி சென்ட்ரலிலிருந்து கிளம்பக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஹவுராவிலிருந்து கன்னியாகுமரி போகிற வண்டியே இப்போது எழும்பூர் வழியாகப் போகிறதே. ஆனால் நூறு வருஷப் பழக்கம், பாதையின் அமைப்பும் அதற்குத் தோதாக இருப்பதால் தெற்குக்கு எழும்பூர்தான். காரணமான இடைவெளி போய்விட்டது, பிரிவு மட்டும் நின்றுவிட்டது. அன்றைக்கு நான் வண்டியை விட்டதற்கு 1870-ல் எடுத்த முடிவுதான் காரணம் என்று அப்பாவிடம் நிரூபிக்கப் பார்த்தேன். "டிக்கெட்டுல எளும்பூருன்னு போட்டிருந்துச்சா இல்லியா?" என்றார். போட்டிருந்தது.

இப்போது ஸ்டேஷன் முழுக்க வேலை நடக்கிறது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள், 735 கோடி ரூபாய்த் திட்டம். பழைய கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் புதிதாக எழுப்புகிறார்கள். தகர வேலி, தூசி, சுற்றுவழி. வேலைக்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்தவும் செய்கிறார்கள். கார் நேரே நடைமேடை ஓரம் வரை வரும் வழி ஒன்று இங்கே உண்டு, வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. அதைத் தேடிப் போனோம், வேலியைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. புதுக் கட்டடம் எப்படி வரும் என்று பேனரில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். கண்ணாடியும் வெளிச்சமுமாக விமான நிலையம் மாதிரி இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்திருந்தது. "எஸ்கலேட்டர் வருமா? அது போதும்ல."

மதியம் கிளம்பும் நேரத்தில் அப்பாவை மெட்ரோவில் ஏற்றிக் காட்டலாம் என்று தோன்றியது. மண்டபம் புரசைவாக்கத்தில், அதற்கு மெட்ரோ தேவையே இல்லை. இருந்தாலும் கீழே இறங்கி சென்ட்ரலுக்கு டிக்கெட் எடுத்தேன். அடுத்த ஸ்டாப், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு தலைமுறை மூட்டையோடு கடந்த தூரம். இந்த மெட்ரோ பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர், அதாவது அதுவும் இல்லை இதுவும் இல்லை, மூன்றாவது ஒன்று என்று சொன்னேன். அப்பா குனிந்து தண்டவாளத்தைப் பார்க்கப் போனார், கண்ணாடிக் கதவு மறைத்துவிட்டது.

மேலே வந்து சென்ட்ரல் கோபுரக் கடிகாரத்தைப் பார்த்தார். எழுபத்திரண்டு வயதில் எத்தனையோ தடவை மெட்ராஸ் வந்தவர், சென்ட்ரலுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லையாம். உள்ளே போய்ப் பார்ப்போமா என்றேன்.

"நமக்கு இங்க என்னல சோலி" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.