பிட்டுகளை உள்ளே வைத்துக்கொள்ளும் திருப்புளிக் கைப்பிடி

கழற்றி மாற்றும் முனைகளான பிட்டுகளைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் திருப்புளிகளில் முதலில் உடைவது மூடிதான். அது போன பிறகு பிட்டுகளும் ஒவ்வொன்றாகக் காணாமற் போகும். அதே அமைப்பை 25 மி.மீ. அலுமினிய ராடில், 6061 என்ற உலோகக் கலவை ரகத்தில், லேத்தில் கடைந்துகொண்டேன்.

அளவுகளைப் பிட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கால் அங்குல அறுகோணப் பிட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 6.35 மி.மீ. இருந்தாலும், துளையில் இடத்தை அடைப்பது மூலைக்கு மூலை உள்ள 7.3 மி.மீ.தான். அந்தக் கணக்கில் 18 மி.மீ. துளைக்குள் நான்கு பிட்டுகள் அருகருகே நிற்கும். பிட்டின் நீளம் 25 மி.மீ. என்பதால், மூடியின் மரைக்கு இடம் விட்டு 65 மி.மீ. ஆழம் துளைத்தால், இரண்டு அடுக்காக எட்டுப் பிட்டுகள் அடங்கிவிடும்.

இவ்வளவு குடைந்தால் கைப்பிடி வலுவிழக்காதா என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முறுக்கு விசையைப் பெரும்பாலும் தாங்குவது வெளிவிளிம்பை ஒட்டியுள்ள உலோகமே; நடுவிலுள்ளது ஏறக்குறைய சும்மாதான் இருக்கிறது. விட்டத்தின் நான்காம் அடுக்கை வைத்துக் கணக்கிட்டால், துளைத்த பகுதியில் பாதிக்கு மேல் எடை குறைந்தும் முறுக்கைத் தாங்கும் வலிமையில் 73 சதவீதம் எஞ்சுகிறது.

வேலையின் வரிசை மிக முக்கியம். நர்லிங், அதாவது கை வழுக்காதிருக்கக் கைப்பிடியில் சொரசொரப்பு பதிப்பது, உலோகத்தை வெட்டுவதன்று, உருளைகளால் அழுத்திப் பிதுக்குவது. ஆகவே ராடு திடமாக இருக்கும்போதே அதை முடித்துவிட்டுப் பிறகுதான் துளையிட வேண்டும், இல்லையெனில் மெல்லிய சுவர் அந்த அழுத்தத்தில் நெளிந்துவிடும். துளைக்கும்போது டிரில்லை அடிக்கடி வெளியே இழுத்துச் சீவல்களை அகற்றி மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே போனால், அலுமினியம் டிரில்லின் முனையில் அப்பாது. மறுபுறம் திருப்பி லேத்தின் பிடியான சக்கில் பிடிக்கும்போது நர்லிங் நசுங்காமலிருக்கச் செப்புத் தகடு சுற்றினேன்.

மூடிக்கு எம்20 மரை, அதாவது 20 மி.மீ. விட்டமுள்ளது. ஆனால் மரைச் சுற்றுகளுக்கு நடுவே வழக்கமான 2.5 மி.மீ. இடைவெளி இங்கே உதவாது, ஏனெனில் அதற்கு வாய்த்துளை 17.5 மி.மீ. இருக்க வேண்டும், நம் துளையோ அதைவிடப் பெரியது. 1.5 மி.மீ. இடைவெளிக்கு வாயை 18.5 மி.மீ. ஆக்கினால் போதும். மூடியைப் பித்தளையில் செய்தேன். அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் மரை இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு குறடு போட்டுத்தான் கழற்ற வேண்டியிருக்கும். பித்தளையின் கனம் பின்பக்கம் சேர்வதும் கைக்கு இதமாகவே இருக்கிறது.

முன்பக்க அறுகோணக் குழியை நானே வெட்ட முயலவில்லை. கடையில் வாங்கிய காந்தப் பிட் ஹோல்டரை வட்டத் துளையில் செருகி, பக்கவாட்டில் ஒரு கிரப் ஸ்குரூவால் (தலையில்லாத சிறு திருகு) இறுக்கினேன். பிட்டுகள் குலுங்கி ஒலிக்காமலிருக்க மூடியின் உட்புறம் ஒரு நுரைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். முழுதும் உலோகமாதலால் மின்சார வேலைக்கு மட்டும் இதை எடுப்பதில்லை. அதற்கு 1000 வோல்ட் முத்திரையுள்ள திருப்புளி தனியே இருக்கிறது.