எழுதியதைத் தினமும் கடந்து போகிறவர்கள்

சின்ன ஊரில் போர்டு எழுதுகிற பெயின்டர், தான் எழுதியதைத் தினமும் கடந்து போயாக வேண்டும். மளிகைக் கடைப் பலகையில் விட்டுப்போன ஒரு புள்ளி, பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஆறே மாதத்தில் உரிந்த சிவப்பு, எல்லாம் அவர் டீ குடிக்கப் போகிற வழியில்தான் இருக்கும். போதாததற்கு ஓரத்தில் ஓர் அங்குல எழுத்தில் தன் 'ஆர்ட்ஸ்' கடையின் பெயரும் போன் நம்பரும் வேறு. இந்தத் தொழிலின் பாதி நுணுக்கம் அந்தக் கூச்சத்தில் பிறந்தது என்றே சொல்லலாம்.

பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன்பே வேலையின் ஆயுள் முடிவாகிவிடுகிறது. சிமென்ட் பூசிய புதுச் சுவருக்குக் குறைந்தது 4 வாரம் விட வேண்டும். ஈரமும் சிமென்டின் காரத்தன்மையும் அடங்காத சுவரில் எண்ணெய்ப் பெயின்டான எனாமல் அடித்தால், காரம் பெயின்டில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். பிசுபிசுத்து, நிறம் வெளிறி, பிறகு உரியும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டுக் கடைக்காரர் வந்து நின்றால் தண்ணீரில் கலக்கும் பெயின்டான எமல்ஷனில் எழுதித் தருவது மேல். அது காரத்தைக் கொஞ்சம் தாங்கும். சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் உள்ளங்கையால் தேய்த்துப் பார்ப்பது வழக்கம். வெள்ளை ஒட்டினால், சுரண்டிப் பிரைமர் என்ற அடிப்பூச்சு போடாமல் எழுதக் கூடாது. எழுத்து சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்து விழும். சுவரில் ஓதம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளி எழுதலாம். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை எதுவும் எழுதாமல் விடுவதும் நல்லது. மழைச் சாரல் தெறித்துச் சேறாக்கும் உயரம் அது.

தகட்டுப் போர்டில் தொல்லை வேறு மாதிரி. துத்தநாகம் பூசிய, பளபளக்கும் புது ஜி.ஐ. தகட்டில் நேராக எனாமல் அடித்தால், அடுத்த கோடையில் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வரும். சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, உப்புத்தாள் போட்டு, ஜி.ஐ. தகட்டுக்கென்றே விற்கும் பிரைமர் அடிக்க வேண்டும். சாதா இரும்புத் தகடு என்றால் துருவைத் தேய்த்தெடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர், ஒரு இரவு காயல், பிறகு இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, எனாமல். பெயின்டை இளக்க டர்பன்டைன் பத்தில் ஒரு பங்கு போதும். காசு மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெய் கலந்தால் காய நாளாகும், பளபளப்பும் போய்விடும். மார்கழியில் மாலை நாலு மணிக்கு மேல் கடைசிக் கையை அடிக்காமல் இருப்பது உத்தமம். காய்வதற்குள் பனி விழுந்து மேல்பரப்பு மங்கிவிடும்.

தமிழ் எழுத்தை அடக்குவதுதான் இதில் அசல் கலை. நூலில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். இரண்டு கோடு மட்டும் போட்டுவிட்டு எழுத ஆரம்பிப்பவர் கடைசியில் மாட்டிக்கொள்வார். 6 அங்குல எழுத்து என்றால் 'ி', 'ீ' வளைய மேலே 2 அங்குலம், 'ு', 'ூ' இறங்கக் கீழே 2 அங்குலம். ஆக, ஒரு வரிக்குப் பத்து அங்குலம் வேண்டும். குறுக்குவாட்டில் எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் பிசகும். துணைக்காலும் 'ர'வும் பாதி இடம், 'ப', 'ட', 'ம' ஒன்று, 'ண', 'ஞ' ஒன்றரைக்கு மேல். இப்படிக் கூட்டிப் பார்க்காமல் எழுதியவர்களின் போர்டில்தான் 'ஸ்டோர்ஸ்' கடைசி எழுத்துக்கு வரும்போது ஒல்லியாகி மூச்சுத் திணறும். சுழிகளின் உள்வெளி அடைபட்டால் தூரத்தில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டுமோ அதற்கேற்ப எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். கடைப் பலகையில் தமிழும் ஆங்கிலமும் பிறமொழியும் 5:3:2 விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற அரசு விதியையும் இந்த இடக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். பிறகு பலகையை இறக்கச் சொன்னால் கெட்ட பெயர் எழுதியவருக்கு.

கடைக்காரர் துண்டுச் சீட்டில் 'துனிக்கடை' என்று எழுதித் தருவார். அப்படியே எழுதினால் ஊர் சிரிப்பது பெயின்டரைப் பார்த்துத்தான். அதனால் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் எல்லாப் பெயின்டருக்கும் தேவை. கோட்டுருவம் போட்டதும், பெயின்ட் எடுக்கும் முன், வேடிக்கை பார்க்க நிற்கிறவர் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்வது இன்னும் நல்ல பழக்கம். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. புள்ளிகளைக் கடைசியில் மொத்தமாக வைப்பதுதான் வேகம், ஆனால் விட்டுப்போவதும் அப்போதுதான். பழைய கடைகளில் இன்னொரு சங்கடம் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, முன்னால் யானைத் தும்பிக்கை போல வளைவு போட்ட 'லை', 'ணை'யைத் தாத்தா காலத்துப் பலகையில் இருந்தபடியே வேண்டும் என்பார்கள். என் கட்சி அவர்கள் பக்கம்தான்.

வேலை நேரமும் ஊரைப் பொறுத்தது. ரோலிங் ஷட்டரில் எழுத வேண்டுமானால் கடை பூட்டியிருக்க வேண்டும்; எழுதிய பிறகும் ஒரு முழு இரவு திறக்கக் கூடாது. ஈரத்தோடு சுருட்டினால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி எழுத்து இழுபடும். ஆகவே விடுமுறை நாளுக்கு முந்தின இரவுதான் ஷட்டர் வேலைக்கு நேரம். பள்ளிக்கூடக் கரும்பலகை ஜூன் திறப்புக்கு முன், ஆட்டோவும் பட்டறையும் ஆயுத பூஜைக்கு முன், கோயில் வேலை கொடைக்கும் திருவிழாவுக்கும் முன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இருக்காது, கடன்தான்.

இறந்தவர் படம் வரைவதில் கை மட்டும் நன்றாக இருந்தால் போதாது. கிடைப்பது பெரும்பாலும் வாக்காளர் அட்டையிலிருந்தோ கூட்டப் படத்திலிருந்தோ எடுத்த மங்கல் முகம். படத்தில் அரை அங்குலக் கட்டம், பலகையில் மூன்று அங்குலக் கட்டம் என்று ஆறு மடங்கு பெருக்கலாம். ஆனால் கட்டத்துக்குள் இல்லாததை வீட்டார்தான் சொல்ல முடியும். பென்சில் நிலையிலேயே வீட்டுப் பெண்களிடம் காட்டிவிட வேண்டும். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரின்ட் எடுத்த பழைய படங்களில் அது பக்கம் மாறியிருக்கும். சுருக்கத்தைக் குறைக்கச் சொல்வார்கள், கொஞ்சம் குறைக்கலாம். முழுக்க எடுத்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

அய்யனார், கருப்பசாமி சுதை உருவங்களில் புதுச் சுண்ணாம்புக் காரை முழுக்கக் காயாமல் எனாமல் அடிப்பது இப்போது பரவிய தவறு. உள்ளே சிக்கிய ஈரம் கொப்புளமாக எழும். கண்ணைக் கடைசியில், பூசை முறைப்படி திறப்பார்கள். பத்தடி உயர உருவத்துக்குச் சாரத்தில் நின்றபடி கண்மணியை நேராக வைத்தால், கீழே நிற்கிறவருக்குச் சாமி தலைக்கு மேலே எங்கேயோ பார்ப்பதாகத் தெரியும். சாக்பீஸில் குறித்துவிட்டு இறங்கிப் பார்த்த பிறகுதான் கருப்பைத் தொட வேண்டும்.

2000-க்குப் பிறகு பரவிய ஃபிளெக்ஸ், பெயின்டரிடமிருந்து கல்யாண வாழ்த்தையும் அஞ்சலியையும் கடைப் போர்டையும் எடுத்துக்கொண்டது. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானதும் அந்தச் சில்லறை வேலையும் போயிற்று. மிச்சம் இருப்பது தண்ணீர்த் தொட்டி, பள்ளிச் சுவர், ஷட்டர், கோயில், தேர்தல் சுவர். கட்சிச் சுவர்தான் இதில் நிலையற்றது. நாலு மூலையில் கட்சிப் பெயரும் வருடமும் போட்டு முன்பதிவு செய்த சுவரில், தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாளே வெள்ளையடித்துவிடுவார்கள். முன்பணம் பாதியாவது வாங்காமல் அந்த வேலைக்கு ஏறக் கூடாது.

நிலையான வருமானம் திருத்த வேலையில் இருக்கிறது. கடைக்காரர் போன் நம்பர் மாற்றுவார், பங்காளி பிரிந்தால் பெயர் மாறும். முதலில் எழுதும்போதே நம்பரைத் தனிப் பட்டையில், கலவையில்லாத ஒரே நிறத் தளத்தில் வைத்தால், அந்தப் பட்டையை மட்டும் அடித்து மாற்றிவிடலாம். நிறம் நிறமாக இழைத்த தளத்தில் வைத்தால் முழுப் போர்டையும் புதிதாக எழுத நேரும், அதற்குக் கடைக்காரர் காசு தர மாட்டார். தளத்துக்குக் கலந்த நிறத்தில் 100 மில்லி எடுத்து, மூடி இறுகிய சின்ன டப்பாவில் கடை பெயர் ஒட்டி வைக்கலாம். பழைய போர்டு வெளுத்திருந்தால் அதில் கொஞ்சம் வெள்ளை சேர்த்துப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.