பஞ்சுவின் சடையை எடுத்த கதை

நாளெல்லாம் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணிக்கு நாம் எதற்குச் சீப்புப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். பஞ்சு, பாரசீக இனத்தைச் சேர்ந்த வெள்ளைப் பூனை. அதற்கு 12 வயது நடக்கும்போது, மடியில் படுத்திருந்த அதன் முதுகை ஒரு மாலை வருடிக்கொண்டிருந்த என் கை, இடுப்புக்குப் பின்னால் ஓரிடத்தில் தட்டி நின்றது. ரோமத்தை விலக்கித் தோலைப் பார்க்கலாம் என்று முயன்றால் விரல் நுழையவில்லை. மேலே பட்டுப்போலத் தெரிந்த ரோமத்துக்கு அடியில், அடித்துச் சேர்த்த கம்பளித் துண்டைப்போல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சடை தோலோடு ஒட்டிக் கிடந்தது. தேடத் தேட மற்றவையும் அகப்பட்டன: காதுகளுக்குப் பின்னால் இரண்டு, முன்னங்கால் அக்குள்களில் ஒவ்வொன்று, அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஒன்றோடொன்று பின்னி எண்ண முடியாதபடி பல.

அழுக்கினால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்து அன்றே குளிப்பாட்டினேன். அது முதல் தவறு. முந்தின நாள் விரலுக்குச் சற்றே நெகிழ்ந்துகொடுத்த சிக்குகள்கூட, நனைந்து காய்ந்தபின் ஈரக் கயிற்றின் முடிச்சைப்போல இறுகிவிட்டன. மேலும், சடையின் நடுவில் புகுந்த ஷாம்பு அலசினாலும் வெளியேறாது. நாள்கணக்கில் ஈரத்தோடு தோலின் மேல் அமர்ந்துகொள்ளும்.

இரண்டாம் தவறு கத்தரிக்கோல். இதை எழுதக் கை கூசுகிறது என்றாலும், இதே எண்ணத்தோடு கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். அக்குளில் இருந்த சடையை இரு விரல்களால் பிடித்துத் தூக்கி, அடியில் ரோமம் மட்டும்தான் இருக்கிறது என்ற உறுதியோடு வெட்டினேன். பஞ்சு கத்தவில்லை, உடல் மட்டும் ஒருமுறை விறைத்தது. சடை கையோடு வந்த இடத்தில் நகத்தின் அகலத்துக்குத் தோல் பிளந்து, அடியில் இளஞ்சிவப்பாகத் தசை தெரிந்தது. இரத்தம் அதிகம் வராததே எனக்குக் கூடுதல் அச்சத்தைத் தந்தது.

கால்நடை மருத்துவர் இரண்டு தையல் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவரோ பஞ்சுவின் பிடரித் தோலை மெல்லத் தூக்கிக் காட்டி, "பாருங்கள், பூனையின் தோல் காகிதம்போல மெல்லியது, உடம்போடு ஒட்டாமல் தளர்வாக இருப்பது. சடையை நீங்கள் தூக்கினால் தோலும் கூடவே கூடாரம்போல எழும்பி வரும். எங்கே ரோமம் முடிந்து எங்கே தோல் தொடங்குகிறது என்பது எனக்கே கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் நான் இதற்குக் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை" என்றார். வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரை கொடுக்கலாமா என்று நான் கேட்டபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையின் உயிரையே குடித்துவிடும். சிக்கு நெகிழ்வதற்காக ஒரு நண்பர் பரிந்துரைத்த டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு நஞ்சுதான் என்பதை அன்றே தெரிந்துகொண்டேன்.

சடை எப்படி விழுகிறது என்பதையும் அவரே விளக்கினார். நீண்ட மேல்ரோமத்துக்கு அடியில் மெத்தென்ற குட்டை ரோமம் இருக்கிறது. அது உதிரும்போது தரையில் விழாமல் மேல்ரோமத்தில் சிக்கிக்கொள்கிறது. நடக்கும்போதும் படுக்கும்போதும் உராயும் இடங்களில் திரண்டு இறுகுகிறது. அப்படியானால் நாக்கு என்ன செய்கிறது என்ற என் கேள்விக்கு விடை பின்னர் ஓர் ஆய்வில் கிடைத்தது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, பூனையின் நாக்கில் உள்ள கொக்கி போன்ற முட்கள் நுனியில் குழிவானவை; எச்சிலை ஏந்திச் சென்று ரோமத்தின் அடிவரை சேர்ப்பவை. பாரசீகப் பூனையின் ரோமமோ, அமுக்கினாலும் அந்த முட்களின் நீளத்துக்கு அடங்குவதில்லை. பஞ்சு நாளெல்லாம் நக்கியும் அதன் நாக்கு ஒருபோதும் தோலைத் தொட்டிருக்காது என்று எண்ணியபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

தையல் ஆறியபின் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். காதுக்குப் பின்னாலும் முதுகிலும் இருந்தவற்றை வீட்டில் நான் எடுப்பது. வயிறு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றை மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து மழிப்பது. வீட்டு வேலைக்குத் தேவைப்பட்டவை, பற்கள் அகன்ற ஓர் எஃகுச் சீப்பு, பற்கள் நெருக்கமான இன்னொன்று, ஒரு கிண்ணம் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), எல்லாவற்றுக்கும் மேலாக என்னிடம் இல்லாத பொறுமை. சடையின் மேல் சிறிது மாவைத் தூவி விரலால் தேய்த்தால் இழைகள் வழுக்கத் தொடங்கும். பிறகு தோலுக்கும் சடைக்கும் இடையே இடது கை விரல்களால் ரோமத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டால், இழுப்பு முழுவதும் என் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. சீப்பை அடியிலிருந்து ஓட்டாமல் நுனியிலிருந்து சிறிது சிறிதாக உள்ளே வரவேண்டும். நீண்ட கூந்தலில் சிக்கெடுத்தவர்களுக்கு இந்த முறை கைவந்ததுதான்.

ஓர் அமர்வு ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். வால் நுனி துடிக்கத் தொடங்கினாலோ காது பின்னால் மடிந்தாலோ, சிக்கு பாதியில் நின்றாலும் சீப்பைக் கீழே வைத்துவிடுவேன். காதோரச் சடைகளுக்கு நான்கு நாள் பிடித்தது. இடுப்பில் இருந்த பெரிய சடையில் பதினோரு நாள் போராடி, அதன் ஓரத்தை மட்டுமே என்னால் பிரிக்க முடிந்தது. அதையும் மழிக்க வேண்டியவற்றோடு சேர்த்துவிட்டோம்.

வயது காரணமாக, மயக்க மருந்துக்கு முன் சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மழிக்கும் இயந்திரத்தின் பிளேடு சூடேறி மெல்லிய தோலைச் சுட்டுவிடக்கூடும் என்பதால், அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே மருத்துவர் மழித்தார். வயிற்றுச் சடை தனித்தனியாக வரவில்லை; கழற்றிய சட்டையைப்போல ஒரே துண்டாக வந்தது. அதற்கு அடியில் தோல் சிவந்து, சில இடங்களில் கன்றிப்போய், ஓரிடத்தில் கசிந்துகொண்டும் இருந்தது. ஒவ்வோர் அடியிலும் அந்தத் துண்டு தோலை இழுத்திருக்கும். அதோடுதான் பஞ்சு மாதக்கணக்கில் நடமாடியிருக்கிறது. அது சோம்பேறியாகிவிட்டது என்று நாங்கள் சிரித்த நாள்கள் நினைவுக்கு வந்தன.

இடுப்பில் அவ்வளவு பெரிய சடை விழுந்ததைத்தான் மருத்துவர் கூர்ந்து கவனித்தார். வயிறும் அக்குளும் எந்த நீள்முடிப் பூனைக்கும் சிக்காகும்; முதுகின் பின்பகுதி சடையானால், உடலைத் திருப்பி அங்கே நக்க முடியவில்லை என்று பொருள்கொள்ள வேண்டும் என்றார். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுகள் இரண்டும் தேய்ந்திருப்பது தெரிந்தது. அலமாரி உச்சியைப் பஞ்சு கைவிட்டது வயதின் நிதானத்தால் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். இப்போது மூட்டு வலிக்கு அவர் தரும் சிகிச்சை தொடர்கிறது.

மழித்த பின் முதல் வாரம், புண்ணை நக்காதிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டையோடு, தன் மெலிந்த வயிற்றைக் கண்டு தானே திகைத்தாற்போல் பஞ்சு அலைந்தது. ரோமம் பழைய நீளத்துக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று. இப்போது காலையில் சீப்பை எடுத்தால் அது தானே வந்து இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கழுத்தை நீட்டுகிறது. தையல் போட்ட அந்த வலது அக்குளுக்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை. சீப்பு அங்கே நெருங்கினால் முன்னங்காலை என் மணிக்கட்டின் மேல் வைத்துவிடும், நகம் நீட்டாமல். அதனால் அந்த இடத்தை விரலாலேயே தடவி, மிளகளவில் முடிச்சு தட்டுப்பட்டால் அன்றைக்கே பிரித்துவிடுகிறேன்.