வகுப்பில் நான் பேசியது 34 நிமிடம்

ஜப்பானில் ஷிசுவோக்கா மாகாணத்து ஹமாமட்சு நகரில் ஐந்து வருடமாக ஒரு சின்ன ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். இங்கே இதை ‘எய்க்கைவா’ என்பார்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரே அறை, இரண்டு மேசை, ஒரு வெள்ளைப் பலகை. மாணவர்கள் இருபதைத் தாண்டியதில்லை. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள், ஏழு மணிக்கு மேல் பெரியவர்கள்.

மூன்றாவது வருட மார்ச்சில் நான்கு பிள்ளைகள் சேர்ந்தாற்போல நின்றுவிட்டார்கள். கல்வியாண்டு முடிகிற மாதம் அது. நிற்பவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் நிற்பார்கள். காரணம் கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பள்ளி முடிந்தபின் நடக்கும் விளையாட்டுப் பயிற்சியோடு நேரம் இடிக்கிறது என்று சொல்லி, குனிந்து வணங்கிவிட்டுப் போவார்கள். நிற்காத ஒரு பெண்ணின் அம்மா மட்டும், மாதக் கட்டண உறையை நீட்டியபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சென்செய் (ஆசிரியர்) சொல்லித் தருவது நன்றாகப் புரிகிறதாம். ஆனால் இன்றைக்கு நீ என்ன பேசினாய் என்று கேட்டால், அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம், பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வகுப்பு முழுவதையும் கைபேசியில் பதிவு செய்தேன். ஐம்பது நிமிட வகுப்பு, நான்கு பிள்ளைகள். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து கணக்கெடுத்தேன். என் குரல் மட்டும் 34 நிமிடம். மிச்சத்தில் எழுதியது, பக்கம் புரட்டியது எல்லாம் போக, ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசியது மொத்தமே முக்கால் நிமிடம். அதைவிட வலித்தது இன்னொன்று. கேள்வி கேட்டு இரண்டு விநாடிகூட நான் பொறுக்கவில்லை. உடனே கேள்வியை எளிதாக்கினேன், அல்லது பதிலை நானே சொன்னேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீளுகின்றன என்று. அதை நான் படித்திருந்தேன். என் குரலிலேயே கேட்டபோதுதான் உறைத்தது.

முதலில் மாற்றியது அதைத்தான். கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து வரை எண்ணுவது. முதல் மூன்று வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வாய் தானாகத் திறக்கும், மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பையனிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தலையைச் சாய்த்தான், பக்கத்துப் பையனைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். ஒன்பது எண்ணியபோது, “கறி ரைஸ். மை ஃபாதர் மேக்” என்றான். முன்பு என்றால் ‘மேட்’ என்று குறுக்கே திருத்தியிருப்பேன். நோட்டில் குறித்துக்கொண்டு, அப்பா வேறு என்ன சமைப்பார் என்று கேட்டேன். மேலும் நான்கு வாக்கியம் வந்தது. தவறுகளை வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில், யாருடையது என்று சொல்லாமல் பலகையில் எழுதி எல்லோருமாகத் திருத்துகிறோம்.

அந்த மௌனத்தில் என்ன நடக்கிறது என்பது தமிழச்சியான எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானியத்திலும் நம் மொழியைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். ‘நேற்று அப்பா சமைத்த கறியைச் சாப்பிட்டேன்’ என்பதை அதே வரிசையில் அப்படியே ஜப்பானியத்தில் சொல்லலாம். ஆங்கிலத்துக்குப் போக, வாக்கியம் முழுவதையும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திண்டுக்கல்லில் தமிழ்வழியில் படித்த நானும் அப்படித் திருப்பித் திருப்பித்தான் ஆங்கிலம் பேசினேன். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் நான் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

உச்சரிப்பிலும் நம் அனுபவம் கைகொடுத்தது. நாம் பஸ்ஸை ‘பஸ்ஸு’ என்பதுபோல் இவர்களும் மெய்யெழுத்துக்குப் பின்னால் ஓர் உயிரைச் சேர்த்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் ஒரே அசையான ‘ஸ்ட்ரைக்’, இங்கே ‘சு-தோ-ரா-இ-கு’ என்று ஐந்து தட்டு. ‘மெக்டொனால்ட்ஸ்’ ஆங்கிலத்தில் மூன்று அசை, இங்கே ‘மா-கு-தோ-நா-ரு-தோ’ என்று ஆறு. இரண்டு விதமாகவும் கை தட்டிக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிடுவதில்லை.

பெரியவர்கள் வகுப்புக்கு, பால் நேஷன் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர் ஆராய்ந்து எழுதிய 4-3-2 முறையை எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும். என் மாணவர்களுக்கு நான்கு நிமிடம் அதிகம், 3-2-1 ஆக்கினேன். பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மரத்தை எப்படி உலர்த்துவார்கள் என்று சொன்னார். முதல் தடவை வாக்கியத்துக்கு வாக்கியம் நின்றார். மூன்றாவது தடவை நிற்கவே இல்லை. நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலை. 2020 முதல் தொடக்கப்பள்ளி ஐந்து, ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் மதிப்பீட்டோடு கூடிய பாடம். அதோடு ‘எய்க்கென்’ என்ற ஆங்கிலத் திறன் தேர்வும் உண்டு. நான் இலக்கண விளக்கத்தைக் குறைத்ததும் சிலர் பயந்தார்கள். அந்தத் தேர்வில் மூன்றாம் நிலையிலிருந்து நேர்முகம் இருக்கிறது, அங்கே பிள்ளை தானே வாய் திறந்தாக வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விளக்கினேன். புரியாதபோது மறுபடி கேட்பதையும் ஒரு பாடமாகவே வைத்தேன்.

அந்தக் கட்டண உறை அம்மாவின் மகள் இப்போது நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். போன மாதம் மூன்றாம் நிலை நேர்முகத்துக்குப் போனாள். முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த வகுப்பில் எப்படி இருந்தது என்று கேட்டேன். மனசுக்குள் ஏழு எண்ணினேன். “ஒரு கேள்வி புரியல. ‘பார்டன்?’னு கேட்டேன். திரும்பச் சொன்னாங்க. பதில் சொன்னேன்” என்றாள், முழுக்க ஆங்கிலத்தில்.