எடைமேடைப் பதிவும் வேரியாடிக் டெம்ப்ளேட்டும்

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலும், வாளையாரைத் தாண்டிக் கோவைப் பக்கத்திலும் உள்ள ஆலைகளின் எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை. லாரி மேடையில் ஏறி நின்றதும், எடையைக் காட்டும் இண்டிகேட்டர் சீரியல் போர்ட் வழியாக ஒரு பதிவை அனுப்பும். ஒரு கருவி சீட்டு எண், லோடு எடை, காலி வண்டி எடை என்ற வரிசையில் அனுப்பினால், இன்னொன்று நேரத்தை முன்னால் வைக்கும். வேறொன்று வண்டி எண்ணையும் சேர்த்துக்கொள்ளும். கருவிக்கு ஒரு கிளாஸ் என்று சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் தனித்தனியே எழுதிவந்ததை நிறுத்திவிட்டு, அத்தனைக்கும் சேர்த்து ஒரே கிளாஸ் டெம்ப்ளேட், அதாவது டைப்களை (தரவு வகைகளை) பிறகு நிரப்பிக்கொள்ளும் அச்சு ஒன்றை எழுத முடிவு செய்தோம்.

எத்தனை டைப்களை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் வேரியாடிக் டெம்ப்ளேட்டுக்கு சி ப்ளஸ் ப்ளஸ்ஸின் 2011ஆம் ஆண்டுத் தரநிலைதான் இடம் கொடுத்தது. அதற்கு முன்பு பூஸ்ட் நூலகத்தின் டூப்பிள், அதாவது வெவ்வேறு டைப் மதிப்புகளை வரிசையாகக் கட்டி வைக்கும் தொகுப்பு, பத்து உறுப்புகளோடு நின்றுவிடும். பதினோராவது வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும். இப்போது பாராமீட்டர் பேக் என்ற ஒன்றில் டைப்களின் வரிசை முழுவதையும் ஏற்று, மூன்று புள்ளி வைத்து வேண்டிய இடத்தில் விரித்துக்கொள்ளலாம்.

எங்களோடு வேலை செய்யும் கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் முதல் வடிவத்தை எழுதினார். பைட்டுகளில் இருந்து அடுத்த மதிப்பைப் படித்துத் தரும் ஃபங்ஷனை, பேக்கில் உள்ள ஒவ்வொரு டைப்புக்கும் விரித்து, டூப்பிளை உருவாக்கித் தரும் மேக் டூப்பிள் ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட்களாகக் கொடுத்திருந்தார். படிக்க அழகான வரி. அவருடைய லேப்டாப்பில், கோடை இயங்கும் நிரலாக மாற்றும் கிளாங் கம்பைலரில் எல்லாம் சரியாக வந்தது. எடைமேடை அறையில் வைக்கப்போகும் சிறு கணினிக்காக ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் கம்பைல் செய்து, தெரிந்த பதிவு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, 8120 என்ற சீட்டு எண் காலி வண்டி எடையாகவும், 9460 கிலோ என்ற காலி வண்டி எடை சீட்டு எண்ணாகவும் திரையில் நின்றன. நடுவில் இருந்த லோடு எடை மட்டும் 24880 என்று சரியாகவே இருந்தது.

“ஏனுங்கண்ணா, கோடு ஒண்ணுதானுங்களே, ரெண்டு கம்பைலர்ல ரெண்டு விதமா வருது?” என்று அவர் கேட்டார். ஃபங்ஷன் ஒன்றின் ஆர்க்யுமென்ட்கள் எந்த வரிசையில் கணக்கிடப்பட வேண்டும் என்று தரநிலை சொல்வதில்லை. கிளாங் இடமிருந்து போகிறது. ஜிசிசி பெரும்பாலும் வலமிருந்து வருகிறது. இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதாம். மூன்று மதிப்புகளும் நான்கு பைட் எண்களாக இருந்ததால் முதலும் கடைசியும் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொண்டன. 8120 கிலோ காலி எடையுள்ள லாரி இல்லாததா என்ன? நிகர எடையில் 1340 கிலோ கூடிப்போன சீட்டு அச்சாகி வந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பணம் மட்டும் தப்பாகக் கைமாறும்.

வளைவு அடைப்புக்குப் பதில் நெளிவு அடைப்பு போட்டு டூப்பிளை நேரடியாக உருவாக்கினால், உள்ளே இருப்பவை இடமிருந்து வலமாகவே கணக்கிடப்படும் என்பது 2011 முதல் உறுதி. ஆனால் அந்த உறுதி இரண்டு எழுத்துக் குறிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு வேறொருவர் பழக்கத்தால் அதை மாற்றி எழுதினால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. பணம் கைமாறும் இடத்தில் அது போதாது என்று எனக்குத் தோன்றியது.

அதனால் டூப்பிளை விட்டுவிட்டு, சீட்டு எண், லோடு எடை, காலி எடை ஒவ்வொன்றையும் தனித்தனி கிளாஸாக்கி, தன்னுடைய பைட்டுகளைத் தானே படித்துக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டரை (கிளாஸின் பொருள் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷனை) அவற்றுக்குக் கொடுத்தோம். பதிவு என்ற டெம்ப்ளேட் அந்தப் பேக்கை அப்படியே தன் பேஸ் கிளாஸ்களாக, அதாவது தான் மேலே நிற்கும் அடித்தளக் கிளாஸ்களாக விரித்து, கன்ஸ்ட்ரக்டரிலும் அதே பேக்கை விரித்து, பைட்டுகளைப் படித்துத் தரும் படிப்பானை ஒவ்வொன்றிடமும் ஒப்படைக்கிறது. பேஸ் கிளாஸ்கள் அறிவிக்கப்பட்ட வரிசையிலேயே உருவாக்கப்படும் என்பது 1998 தரநிலையிலேயே இருக்கும் விதி. எந்தக் கம்பைலரும் அதை மாற்ற முடியாது, எந்த அடைப்புக்குறியும் அதைக் குலைக்காது. கருவியின் கையேட்டில் உள்ள வரிசையை டெம்ப்ளேட்டின் ஆர்க்யுமென்ட்களாக ஒரு முறை எழுதினால், படிக்கும் வரிசையும் அதுவேதான்.

ஒரே கிளாஸை இரண்டு முறை நேரடி பேஸாக வைக்க முடியாது என்பதைப் பலர் இந்த முறையின் குறையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது காவல். காலி எடை தவறுதலாக இரண்டு இடத்தில் எழுதப்பட்டால் கம்பைல் ஆகாது. 2017இல் வந்த, பேக்கில் உள்ள அத்தனையையும் ஒரே கணக்காகச் சேர்க்கும் ஃபோல்ட் எக்ஸ்பிரஷனைக் கொண்டு எல்லா கிளாஸ்களின் பைட் அளவையும் கூட்டி, கையேட்டில் சொல்லும் 12 பைட்டோடு, கம்பைல் செய்யும்போதே சரிபார்க்கும் ஸ்டாட்டிக் அசெர்ட்டில் ஒப்பிடவும் செய்தோம். பேக் காலியாக இருந்தால் வெறும் கூட்டல் ஃபோல்ட் கம்பைல் ஆகாது. தொடக்கத்தில் ஒரு சுழியத்தைச் சேர்த்துவிட்டால் போதும்.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சோதனைக்காக மதிப்புகளைக் கொடுத்துப் பதிவை உருவாக்க, எந்த டைப்பையும் ஏற்கும் இரண்டாவது பேக் ஒன்றைக் கன்ஸ்ட்ரக்டருக்கு வைக்கத்தான் கை போகும். அந்தக் கன்ஸ்ட்ரக்டர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கான்ஸ்ட் (மாற்றக் கூடாதது) என்று குறிக்கப்படாத ஒரு பதிவை நகலெடுக்கப் போனால், காப்பி கன்ஸ்ட்ரக்டரைவிட அதுவே நெருங்கிய பொருத்தம் என்று கம்பைலர் அதை அழைக்கும். வரும் பிழைச் செய்தியோ நகலைப் பற்றிப் பேசவே பேசாது. கிளாஸின் பேக்கையே கன்ஸ்ட்ரக்டரின் ஆர்க்யுமென்ட் டைப்களாக வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. சோதனை எழுதுபவரும் எடைகளை வரிசை மாற்றிக் கொடுக்க முடியாமல் போகிறது.

இரண்டே கருவிகள் இருக்கும் இடத்தில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கையால் எழுதிய இரண்டு கிளாஸ்களைப் புதிதாக வருபவரும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். டெம்ப்ளேட்டில் பிழை வந்தால் செய்தி திரையைத் தாண்டி ஓடும், அதில் நம்முடைய கோப்பின் பெயர் முதலில் வரும் வரியைத் தேடிப் பிடிப்பதே தனிப் பயிற்சி. கருவிகள் கூடிக்கொண்டே போகும் எங்கள் வேலையில், புதிய இண்டிகேட்டர் வந்தால் ஒரு வரி சேர்க்கிறோம். அதன் கையேட்டைத் திறந்து வைத்து அந்த வரியைச் சரிபார்ப்பது இப்போது கொழிஞ்சாம்பாறைத் தம்பியின் பொறுப்பு.