பூஜ்யத்தையும் எழுதி வையுங்கள்

வலசைப் பறவை ஆய்வுக்கு வர விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது, பறவையின் உடலில் பொருத்தி அது போகும் வழியைக் காட்டும் செயற்கைக்கோள் டேக் பற்றித்தான். கேட்கட்டும். பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கான் என்னும் கரைப்பறவை ஒன்று, 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் பதினோரு நாளில் கடந்ததை அந்தக் கருவிதான் காட்டியது. ஆனால் என் பணிக்காலம் பெரும்பாலும் கழிந்தது எண்ணுவதில். அதே சேற்றுப்பரப்பு, அதே மாதம், தொலைவிலிருந்து பறவை பார்க்கும் அதே ஸ்பாட்டிங் ஸ்கோப்.

கடல் வற்றத்தில் உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் சேறு முழுக்கச் சிதறி இரை தேடும். ஏற்றத்தில் தண்ணீர் துரத்தத் துரத்தக் கரையோரமாக நெருங்கி ஒதுங்கும். எண்ணுவதற்கு அதுதான் நேரம். ஐம்பது பறவையை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவை வைத்தே கூட்டத்தை அளந்துகொண்டு போக வேண்டும். பாதியில் பொரி வல்லூறு என்னும் வேட்டைப் பறவை வந்தால் போச்சு. எண்ணி முடித்த கூட்டமும் எண்ணாத கூட்டமும் கலந்து இறங்கும், மறுபடியும் முதலிலிருந்து. அப்போது வல்லூற்றை ரசிக்கும் மனம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

புதிதாகச் சேர்பவர்களிடம் நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்று: போய்ப் பார்த்தும் பறவை இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டத்தைப் பார்ப்பவர் அன்று யாரும் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. மஞ்சள் கடல் ஓரத்தில் 33 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பிய தடுப்புச்சுவர் 2006-இல் மூடப்பட்டது. வலசையில் பல்லாயிரக்கணக்கில் அங்கே தங்கி இரையெடுத்த 'கிரேட் நாட்' உள்ளான்கள் காணாமல் போயின. பக்கத்துக் கடற்கரைக்குப் போயிருக்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அக்கம்பக்கத்துச் சேற்றுநிலங்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியாவிலும் எண்ணிக்கை சரிந்திருந்தது. இடம் மாறவில்லை, இறந்துபோயின என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், இரண்டு முனையிலும் யாரோ பல ஆண்டுகளாகச் சலிக்காமல் எண்ணி வைத்திருந்ததுதான். சட்டத்துக்கும் இந்த எண்கள் வேண்டும். ஒரு நீர்ப்பறவை இனத்தின் தொகையில் 1 சதவீதமாவது ஓர் ஈரநிலத்தில் வழக்கமாக வந்து தங்கினால், ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சரின் கீழ் அது தகுதி பெறும். மொத்தத் தொகை தெரியாமல் 1 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது?

பறவைகளை வலையில் பிடித்துக் காலில் அடையாள வளையமிடும் இரவுகள் வேறு ரகம். வலையிலிருந்து எடுத்த பறவையின் மார்பெலும்பை விரலால் தடவினாலே, கிளம்பத் தயாரா என்று ஓரளவு தெரிந்துவிடும். வந்த புதிதில் எலும்பு கத்திமுனையாகத் துருத்தும். புறப்படும் காலத்தில் கொழுப்பில் புதைந்து கிடக்கும். நெடும்பயணம் போகும் மூக்கான் இன்னும் ஒரு படி மேல்: பறக்கப்போகும்போது குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொண்டு, அந்த எடைக்கும் சேர்த்துக் கொழுப்பை ஏற்றிக்கொள்கிறது.

கையில் வரும் 'கர்லூ சாண்ட்பைப்பர்' உள்ளான்களில் இளம்பறவை எத்தனை என்று பார்ப்பதும் அதே இரவில்தான். இறகின் வெளிறிய ஓரம் வயதைக் காட்டிக்கொடுக்கும். சில பருவங்களில் குஞ்சுகள் ஏராளம், சில பருவங்களில் அநேகமாக இல்லை. காரணம், அவை முட்டையிடும் சைபீரிய டன்ட்ராவில், மரமில்லாத அந்தக் குளிர்நிலத்தில், இருக்கிறது. அங்கே லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்கு பெருகும் ஆண்டில் ஆர்க்டிக் நரி அதைத் தின்று பசியாறும். லெம்மிங் அருகினால் நரி உள்ளானின் முட்டைக்கும் குஞ்சுக்கும் வந்துவிடும். பெருகுவதும் அருகுவதும் மூன்று நான்கு ஆண்டுச் சுழற்சி.

ஆகவே ஒரு பருவத்தில் எண்ணிக்கை குறைந்தால் உடனே உள்ளூர் உப்பளத்தையோ இறால் பண்ணையையோ கைகாட்ட மாட்டேன். குறைந்தது ஒரு சுழற்சியாவது பார்க்க வேண்டும். நிதி தருபவர்களுக்கு இதைப் புரியவைப்பது பறவையை எண்ணுவதைவிடக் கடினம். பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் நிதி கிடைக்கும். அறிக்கையைப் பத்தாவது மாதமே கேட்பார்கள். அதில் லெம்மிங்குக்கு ஒரு பத்தி எழுதினால், "இது நம் திட்டத்துக்குச் சம்பந்தமா?" என்று ஓரக்குறிப்போடு திரும்பி வரும். நான் அதை நீக்காமல் அப்படியே மறுபடி அனுப்புவேன்.