"பிரசோல்"னு முடிஞ்சா அல்சர் மாத்திரை என்று நம்பிப் போனேன்

"ஆரிபிப்ரசோல் எதுக்குக் கொடுப்பாங்க?"

செஷனல் வைவாவில், அதாவது கல்லூரிக்குள் நடக்கும் வாய்மொழித் தேர்வில், இந்தக் கேள்வி வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. முந்தின ராத்திரி முழுக்க இதைத்தானே படித்தோம் என்று, "அல்சருக்கு சார்" என்றேன். சார் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். முன்பைவிடச் சத்தமாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இது மனச்சிதைவு நோய்க்கான மருந்தும்மா. நாளைக்கு ஒரு மெடிக்கல்ல நின்னு இப்படி எடுத்துக் கொடுத்தா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டு, ரெக்கார்டு நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். பத்துக்கு இரண்டு மதிப்பெண். மருந்தாளுநர் பட்டயப் படிப்பான டி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் நடந்தது இது. மதிப்பெண் மறந்துவிட்டது, கேள்வி மறக்கவில்லை.

நான் படிக்காமல் போகவில்லை. படித்த விதம்தான் தப்பு. எங்களுக்கு மருந்தியல் எடுத்தவர் வருடத்தின் நடுவில் வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்தவருக்குப் பாடத்தை முடிக்க நேரம் இல்லை. வயிறு, குடல் சம்பந்தமான மருந்துகள் பகுதியை "இது சுலபம்தான், நீங்களே படிச்சிட்டு வந்திடுங்க" என்று விட்டுவிட்டார்கள். சீனியர் ஒருவரின் ஜெராக்ஸ் நோட்ஸ் கிடைத்தது. அதில் கட்டம் போட்டு இரண்டே வரி: "பிரசோல்" என்று முடிந்தால் அல்சர், "டிடின்" என்று முடிந்தால் அல்சர். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல், லான்சோப்ரசோல் எல்லாம் அதில் அடங்கும். ஃபமோடிடின், ரானிடிடின், சிமெடிடின் எல்லாம் இரண்டாவது வரியில் அடங்கும். அப்புறம் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இதைப் படிக்கும் ஜூனியர்கள் கவனிக்க வேண்டியது: "பிப்ரசோல்" வேறு, "ப்ரசோல்" வேறு. ஆரிபிப்ரசோலும் ரபெப்ரசோலும் ஒன்றுக்கு இன்னொன்று மாறிப்போகக்கூடிய ஜோடி என்று மருந்துப் பாதுகாப்புப் பட்டியல்களிலேயே இருக்கிறது. பிரசோசின் இரத்த அழுத்தத்துக்கானது. ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கு. அமெரிக்காவில் ஒமெப்ரசோல் முதலில் லோசெக் என்ற பெயரில்தான் விற்றது. சிறுநீர் பிரிய வைக்கும் லாசிக்ஸ் மாத்திரையோடு குழப்பம் வந்ததால் 1990-இல் அதன் பெயரையே ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள். டாக்டர்களும் மருந்தாளுநர்களுமே குழம்பிய இடத்தில், பெயரின் கடைசிச் சில எழுத்தை மட்டும் நம்பி நான் வைவாவுக்குப் போயிருக்கிறேன்.

அடுத்த வாரம் நல்ல புத்தகமாகப் பார்த்துப் படிக்கலாம் என்று ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு நூலகத்தில் நின்றேன். குறிப்புதவிப் பிரிவுக்குள் போகக் கல்லூரிக் கடிதம் வேண்டுமாம். அடையாள அட்டையைக் காட்டினேன். "அது போதாது, பிரின்சிபால் கையெழுத்து வேணும்" என்றார் அங்கிருந்தவர், தலையைத் தூக்காமலே. அன்றைக்குச் சனிக்கிழமை, கல்லூரியில் யாரும் இருக்க மாட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பழைய கைடு வாங்கினேன், எண்பது ரூபாய். அதுதான் இரண்டாவது தவறு.

அந்தக் கைடில் அல்சருக்கு முதல் மருந்து ரானிடிடின். அதைத்தான் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். நானும் அப்படியே எழுதி அடுத்த செஷனலுக்குப் போனேன். "ரானிடிடின் இப்போ அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கா?" என்று கேட்டார்கள். வாய் திறக்கவில்லை. என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் ஆபத்துள்ள அசுத்தம் காரணமாக 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது, நம் நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த தேசியப் பட்டியலில் அது இல்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. தயவுசெய்து கைடு வாங்கும்போது முதலில் பதிப்பு வருடத்தைப் பாருங்கள். உடற்கூறியல் பழைய புத்தகத்தில் படிக்கலாம். மருந்தியல் கூடாது.

கடைசியில் எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். அவர் எடுத்ததும் மருந்துப் பெயர் எதையும் சொல்லவில்லை. "வயித்துல ஆசிட் சுரக்குற செல்லுல இருக்குற பம்பை ஒரு மோட்டார்னு வச்சுக்கோ. அதுக்கு மூணு சுவிட்சு" என்று ஆரம்பித்தார். உடம்பிலேயே சுரக்கும் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், காஸ்ட்ரின் ஆகியவைதான் அந்த மூன்று சுவிட்சுகள். டிடின் வகை ஹிஸ்டமின் சுவிட்சை மட்டும் அணைக்கிறது. மற்ற இரண்டும் போட்டபடியே இருக்கும், அதனால் அமிலம் குறையுமே தவிர நிற்காது. ப்ரசோல் வகை மோட்டாரையே பிடித்து நிறுத்துகிறது. நிறுத்திய மோட்டார் மறுபடி ஓடாது, உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் இரத்தத்தில் சில மணி நேரமே நிற்கும் ஒமெப்ரசோல், ஒரு நாள் முழுக்க வேலை செய்கிறது.

அப்போதுதான் எனக்கு நேரக் கணக்கும் புரிந்தது. ஓடுகிற மோட்டாரைத்தான் ப்ரசோல் பிடிக்க முடியும். மோட்டார் ஓடுவது நாம் சாப்பிடும்போது. எனவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், முக்கியமாகக் காலைப் பலகாரத்துக்கு முன்னால் போட்டால், மருந்து சரியாக அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும். சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு "கேக்கவே இல்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் தப்பு. மேலே இருக்கும் பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாளாவது ஆகும், முதல் நாளே நிறுத்திவிடக் கூடாது.

மற்றவை அதன் பிறகு வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. சுக்ரால்ஃபேட் அமிலத்தைக் குறைப்பதில்லை, புண்ணின் மேல் பசை போல ஒட்டிக்கொண்டு மூடுகிறது. அந்தப் பசை உருவாகவே அமிலம் தேவை, அதனால் வெறும் வயிற்றில். ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் ஏற்கெனவே வந்த அமிலத்தைச் சமன் செய்கிறது, அவ்வளவுதான். அதில் அலுமினியம் மலச்சிக்கல் தரும், மெக்னீசியம் வயிற்றுப்போக்கு தரும், அதனால்தான் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். வலி மாத்திரை, வயிற்றைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைக்கிறது. மிசோப்ரோஸ்டால் அதை ஈடு செய்கிறது. ஆனால் கர்ப்பிணிகளுக்கு அல்சருக்கென்று அதைத் தரவே கூடாது.

அல்சரை உண்டாக்கும் எச். பைலோரி கிருமி பற்றிய பகுதியை நான் மிகவும் நேசித்துப் படித்தேன். கவலையாலும் காரத்தாலும் புண் வருகிறது என்று உலகமே நம்பியபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் அது ஒரு கிருமி என்றார்கள். யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. என் எண்பது ரூபாய் கைடில் இந்தக் கிருமிக்கு ஒரே ஒரு வரி. ஆனால் கிருமி இருக்கிறவருக்கு அமிலத்தை மட்டும் குறைத்தால் புண் ஆறித் திரும்ப வரும். ஒரு ப்ரசோலோடு கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் சேர்த்து, பொதுவாக 14 நாள். இதையும் சேர்த்துப் படித்தால்தான் அல்சர் பாடம் முடியும்.

ஆண்டுத் தேர்வு வைவா ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மோட்டார் உதாரணத்தை ரசித்துக் கேட்டார்.

பிறகு 500 மணி நேரப் பயிற்சி. நான் சேர்ந்த கடையில் முதல் இரண்டு வாரம் பெட்டி இறக்குவதும் பில் அடிப்பதும்தான். டாக்டர் சீட்டைத் தொட விடவில்லை. கேட்டால் "பொறு" என்பார்கள். இப்படி ஆனால் சும்மா இருந்துவிடாதீர்கள். நான் தினமும் ஐந்து மாத்திரை அட்டைகளைத் திருப்பி, பிராண்டுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை நோட்டில் எழுதினேன். கடைகளில் வரும் சீட்டில் பெரும்பாலும் பிராண்டுதான் இருக்கும், புத்தகத்தில் அது இருக்காது. பான்-டி என்றால் பான்டோப்ரசோலோடு வாந்திக்கான டாம்பெரிடோனும் உண்டு என்பது எனக்கு அந்த நோட்டில்தான் பதிந்தது.

மூன்றாவது வாரம் ஓர் ஆச்சி சுக்ரால்ஃபேட் சிரப் வாங்க வந்தார். "எப்போ குடிக்கீங்க ஆச்சி?" என்று கேட்டேன். "காலையில எந்திச்சதும், தைராய்டு மாத்திரையோட" என்றார். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஃபார்மசிஸ்ட் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு நேரத்தை மாற்றி வாங்கினார். அன்றிலிருந்து சீட்டு என் கைக்கும் வந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒருவர் வந்து "கேஸ் மாத்திரை ஒரு அட்டை" என்றார். கூடவே முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக், அதுவும் மாதக் கணக்கில் வாங்குகிறவர். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன். "ஆமாம்மா, தார் மாதிரி" என்றார். மலத்தைக் கறுப்பாக்கும் இரும்புச் சத்து மாத்திரை எதுவும் அவர் சாப்பிடவில்லை, அப்படியென்றால் வயிற்றில் இரத்தக் கசிவாக இருக்கலாம். அண்ணாச்சி மாத்திரை எதையும் விற்காமல், ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அவர் மறுபடி வந்தபோது கையில் டிஸ்சார்ஜ் சீட்டு. புண்ணில் இரத்தக் கசிவு, எச். பைலோரியும் இருந்திருக்கிறது. அமாக்சிசிலின் பெனிசிலின் வகை என்பதால், முன்பு எப்போதாவது பெனிசிலின் ஊசி போட்டு உடம்பு தடித்ததா என்று முதலில் கேட்டேன், இல்லை என்றார். மூன்று மருந்தையும் தனித்தனிக் கவரில் போட்டு, ப்ரசோல் கவரில் "சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கிளாரித்ரோமைசின் கவரில், "வாய் கசக்கும், அதுக்காக நிறுத்தாதீங்க, 14 நாள்" என்று எழுதி அடியில் கோடு போட்டேன். அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "கசந்தா உன்கிட்டதான்மா வருவேன்" என்றார்.